நான்காம் ரீலில் பெய்த மழை

கண்டி மஹய்யாவவில் நிரோஷாவின் வீட்டுக்குப் போக, கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து எழுபத்திரண்டு படி ஏற வேண்டும். இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, முன்னால் துணி காயப்போடும் அளவுக்கு ஒரு துண்டு சிமெந்துத் தரை. அங்கே அவள் தன் அம்மா நல்லம்மாவோடு இருக்கிறாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கம்பியூட்டர்ல" என்று சொல்லி முடித்துவிடுவாள். முழுதாகச் சொல்லப் போனால் கேட்டவரின் பிளேன்டீ ஆறிப் போகும்.

அவள் பார்ப்பது பழைய படங்களைச் சுத்தம் செய்யும் வேலை. அதிலும் கொலை, கொள்ளை, துப்பறிதல் என்று அறுபது வருடத்துக்கு முன்னால் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். எங்கோ ஒரு கிடங்கில் கிடந்து, தூசும் கீறலும் பூஞ்சணமும் பிடித்த பிரதியை ஸ்கேன் செய்து அவளுக்கு அனுப்புவார்கள். இப்போது வீடுகளில் சுவரளவு டிவி வந்துவிட்டது. அதில் போட்டுப் பார்க்க ப்ளூரே டிஸ்க்காக வெளிவருவதற்கு முன், அந்தப் படத்தைப் பிரேம் பிரேமாகத் துடைத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. ஒரு வினாடிக்கு இருபத்துநான்கு பிரேம். கதாநாயகன் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து முடிப்பதற்குள் நிரோஷாவுக்கு அரைநாள் போய்விடும்.

அவள் பிறந்தது ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். நல்லம்மா அங்கே முப்பத்தோரு வருடம் கொழுந்து எடுத்தவர். நிரோஷா பத்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா தவறிவிட்டார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கண்டியில் ஒரு கணினி வகுப்புக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். ஒரு நாள் திகனவில் பஸ் நின்றபோது ஒரு ஸ்டூடியோ வாசலில், 'அல்பம் வேலைக்கு ஆள் தேவை' என்று எழுதித் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்தாள். வகுப்பு முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இருந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஸ்டூடியோ ஃபாஸிலுடையது. முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் அழைப்பதுபோல அவரை அவள் 'நானா' என்பாள். திகனவிலும் தெல்தெனியவிலும் யார் வீட்டுக் கல்யாணமென்றாலும் அவருடைய கெமராதான் போகும். மாப்பிள்ளையின் கன்னத்துப் பருவை எடுப்பது, பெண்ணின் நிறத்தை இரண்டு படி ஏற்றுவது, குடும்பப் படத்தில் கண்ணை மூடிக்கொண்ட மாமனாருக்குக் கண் திறந்துவிடுவது என்று நிரோஷா அங்கே பதினைந்து வருடம் மனிதர்களை அழகாக்கினாள். அவளுடைய கை சுத்தமென்று பெயர் வந்தது. 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் திகன எரிந்தபோது ஸ்டூடியோவின் முன்பக்கமும் எரிந்தது. ஊரடங்கு தளர்ந்த முதல் நாளே நிரோஷா வாளியும் துணியுமாக வந்து நின்றாள். "நீங்க என்னத்துக்கு இந்த நேரத்துல வந்த?" என்று ஃபாஸில் கேட்டார். "திங்கக்கிழமைதானே நானா, வேலை நாள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இருவருமாக ஒரு வாரம் சுவரில் கரி கழுவினார்கள். அதன் பிறகு ஃபாஸில் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்.

நோய்த்தொற்றுக் காலத்தில் கல்யாணங்கள் நின்றுபோயின. ஸ்டூடியோ பூட்டிக் கிடந்தது. அப்போதுதான் முகப்புத்தகத்தில் ஒரு அறிவித்தலை அவள் பார்த்தாள். லண்டனில் இருக்கிற ஜனகன் என்பவர் போட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதில் அங்கே போனவர். பழைய தமிழ்த் துப்பறியும் படங்களைத் தேடிப்பிடித்து டிஸ்க்காக வெளியிடுகிற சிறிய நிறுவனம் அவருடையது. பிரேம் துடைக்கத் தெரிந்தவர்களுக்குப் பரீட்சையாகப் பத்து வினாடிக் காட்சியொன்றை அனுப்பிவைத்தார். ஒரு கொலைகாரன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிற காட்சி. நிரோஷா மூன்று நாளில் முடித்து அனுப்பினாள். மறுநாள் ஜனகன் வீடியோவில் கூப்பிட்டார்.

"பிள்ளை, கீறல் ஒண்டும் இல்லை. நல்ல வேலை. ஆனா இந்தக் கொலைகாரனுக்கு ஏன் பவுடர் பூசினீங்கள்?"

"நான் ஒன்னும் பூசலயேண்ணே."

"முகத்தில அம்மைத் தழும்பு இருந்தது. இப்ப கலியாணப் பொம்பிளை மாதிரி நிக்கிறான்."

நிரோஷாவுக்கு முகம் சூடேறியது. பதினைந்து வருடப் பழக்கம். தழும்பைக் கண்டதும் கை தானாகப் போயிருக்கிறது. "திருப்பிச் செஞ்சி தர்றேன்" என்றாள். இந்த முறை தழும்பைத் தொடவில்லை. சுவரில் இருந்த ஈரக்கறையையும், அவன் சட்டையில் இருந்த தையல் பிசகையும், படச்சுருளுக்கே உரிய அந்த மணல்போன்ற நுண்புள்ளிகளையும் அப்படியே விட்டுவிட்டுத் தூசையும் கீறலையும் மட்டும் எடுத்தாள். வேலை கிடைத்தது.

பிறகு நான்கு வருடத்தில் ஆறு படம். மஹய்யாவ வீட்டை வாடகைக்கு எடுத்ததும், அம்மாவைத் தோட்டத்திலிருந்து கூட்டி வந்ததும் இந்த வேலையால்தான். கல்யாணம் அமையவில்லை. முப்பத்தைந்து வயது வரைக்கும் அதைப் பற்றி ஊர் கவலைப்பட்டது. அதன் பிறகு ஊரும் விட்டுவிட்டது, அவளும் விட்டுவிட்டாள்.

சொல்ல வந்த விஷயம் நடந்தது போன வருடம். படத்தின் பெயர் 'ஒன்பதாம் வளைவு'. மலையூர் ஒன்றில் தேயிலை வியாபாரி ஒருவர் தன் பங்களாவில் கொலைசெய்யப்படுகிறார். கூட்டாளி மேல் சந்தேகம் வருகிறது. உலகத்தில் அந்தப் படத்துக்கு ஒரேயொரு பிரதிதான் எஞ்சியிருந்தது. அதுவும் எட்டு ரீலும் எட்டு விதமாகக் கெட்டுப்போய். ஸ்கேன் செய்கிறவர்கள் கைக்கு வந்த வரிசையில் அனுப்பினார்கள்: முதலில் ஆறாவது, பிறகு இரண்டாவது, பிறகு நான்காவது. ஒலியைச் சென்னையில் வேறொருவர் தனியாகச் சரிசெய்துகொண்டிருந்தார். ஆகவே நிரோஷாவிடம் வந்ததெல்லாம் ஊமைப் படம். யார் என்ன பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவை இருப்பதாகவும் அவள் நினைக்கவில்லை.

நான்காம் ரீல் வந்த வாரத்தில்தான் நல்லம்மாவுக்குக் கண்ணில் வெண்புரை சத்திரசிகிச்சை. முதலில் ஒரு கண், பத்து நாள் விட்டு மற்றக் கண். ஆஸ்பத்திரிக்கு அலைவது, சொட்டு மருந்து விடுவது, குனியவிடாமல் பார்த்துக்கொள்வது என்று நிரோஷாவுக்கு நாள் போதவில்லை. அந்த ரீலைத் திறந்து பார்த்தாள். முதல் ஆறு நிமிடம் முழுக்க மேலிருந்து கீழாகக் கோடு கோடாக ஓடியது. இருட்டான வீதி, ஒரு விளக்குக் கம்பம், குடை பிடித்துக்கொண்டு போகிற ஒரு ஆள், எல்லாவற்றுக்கும் மேலே கோடுகள். இந்த மாதிரிக் கீறலைத் தானாகக் கண்டுபிடித்து அழிக்கிற வசதி மென்பொருளில் இருக்கிறது. மற்ற நாட்களில் அதைச் சின்னச் சின்னத் துண்டாகத்தான் ஓடவிடுவாள், ஒவ்வொன்றையும் சரிபார்ப்பாள். அன்று முழு ஆறு நிமிடத்துக்கும் ஒரேயடியாகப் போட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். திரும்பி வந்தபோது வீதி கண்ணாடி போலத் துலங்கியது. நான்கைந்து இடத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு அனுப்பிவைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து எட்டு ரீலும் முடிந்தன. ஜனகன் எல்லாவற்றையும் பார்த்து, திருப்தியென்று எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமை டிஸ்க் அடிக்கிற தொழிற்சாலைக்குப் போகவேண்டும்.

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். நிரோஷா ரீல்களை வரிசைப்படுத்தி இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். திரையில் நான்காம் ரீல் ஓடியது. நல்லம்மா பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண் தெளிந்ததிலிருந்து அவருக்கு எதையும் விட மனமில்லை. எதிர்வீட்டுக் கொடியில் காய்கிற துணி, படியில் போகிறவர்களின் செருப்பு, எல்லாவற்றையும் பார்ப்பார், எல்லாவற்றுக்கும் ஒரு கருத்துச் சொல்வார்.

"ஏம்புள்ள, இந்த ஆளுக்கு என்ன கிறுக்கா?"

"ஏம்மா?"

"கொடைய விரிச்சிக்கிட்டுப் போறான். வெயிலும் இல்ல, மழையும் இல்ல. இதுல காலத் தூக்கித் தூக்கி வேற வைக்கிறான், தண்ணியில நடக்கிற மாதிரி."

நிரோஷா சிரித்தாள். சிரித்தபடியே திரையைத் திரும்பிப் பார்த்தாள். குடைக்காரன் விளக்குக் கம்பத்தைத் தாண்டி, ஒரு பஸ் நிறுத்தத்தைக் கடந்து போனான். அவனுடைய முழங்கால் வரைக்கும் காற்சட்டை ஒட்டிக்கிடந்தது. குடையின் ஓரத்தில் இருந்து எதுவும் சொட்டவில்லை.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, முதலில் வந்த ஸ்கேனைத் தேடித் திறந்தாள். கோடுகள் திரும்பி வந்தன. ஒரு பிரேமை நிறுத்திப் பெரிதாக்கினாள். சில கோடுகள் நேர்க்குத்தாக இருந்தன. அவை கீறல்கள். மற்றவை, பெரும்பாலானவை, மெல்லச் சாய்ந்திருந்தன. அடுத்த பிரேமுக்குப் போனாள். நேர்க்கோடுகள் அதே இடத்தில் நின்றன. சாய்ந்தவை இடம் மாறியிருந்தன. அதற்கடுத்ததில் மறுபடியும் இடம் மாறியிருந்தன.

"மழ பேஞ்சிருக்கும்மா" என்றாள் நிரோஷா. "நான்தான் தொடைச்சிட்டேன்."

நல்லம்மாவுக்கு அது விளங்கவில்லை. "சரி விடு, காஞ்சிரும்" என்றார்.

சென்னையில் இருந்து வந்த ஒலிக் கோப்பு ஜனகனின் இணையச் சேமிப்பகத்தில் கிடந்தது. மழை கதைக்கு வேண்டியதா என்று அறிய நிரோஷா கடைசி ரீலின் ஒலியை மட்டும் இறக்கிக் கேட்டாள். கூட்டாளியை விசாரிக்கிற இன்ஸ்பெக்டரின் குரல் வந்தது. 'கூரையில்லாத பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்றதாகச் சொன்னீர்கள். அன்று எட்டு மணியிலிருந்து அடைமழை. உங்கள் கோட்டு மட்டும் எப்படி நனையாமல் இருந்தது?' அதற்குப் பிறகு ஒரு நாற்காலி விழுகிற சத்தம். கதை முழுதும் அந்த மழையில்தான் நின்றது. மழையைக் காட்டாவிட்டால் இன்ஸ்பெக்டர் பொய் சொல்கிறவராகிவிடுவார், கொலைகாரன் சும்மா மாட்டிக்கொண்டவனாகிவிடுவான்.

லண்டனில் அப்போது விடியவில்லை. கூப்பிட இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அந்த மூன்று மணி நேரத்தை நிரோஷா மறக்கமாட்டாள். ஜனகன் பார்த்துச் சரி சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட்ட மாதிரி. அவள் வாய் திறக்காவிட்டால் வெள்ளிக்கிழமை படம் போய்விடும். பிறகு யாராவது கண்டுபிடித்தாலும், பழைய பிரதி, அப்படித்தான் இருந்திருக்கும் என்று போய்விடும். சொன்னால் அடுத்த படம் வராமலும் போகலாம். அவள் துணி துவைத்தாள். துவைத்த துணியை ஒருமுறை அலசியது போதாதென்று மறுபடியும் அலசினாள். அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டாள். "கை ஏன் சில்லுன்னு இருக்கு?" என்று நல்லம்மா கேட்டார். "பச்சத் தண்ணி" என்றாள்.

ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நாலாவது ரீல்ல ஒரு பிழை நடந்திருக்கு. என் பிழை. மழைய அழிச்சிட்டேன்."

"என்ன மழை?"

"படத்துல பேஞ்ச மழை."

"பொறுங்கோ. நான் எடுத்துப் பாத்திட்டு வாறன்" என்று வைத்துவிட்டார். இருபத்தைந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். குரலில் கோபம் இருந்ததா என்று நிரோஷாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஓம். நீங்கள் சொன்னது சரி. நிலவு வெளிச்சம் மாதிரிக் கிடக்கு. நானும் ரெண்டு தரம் பாத்தனான், சத்தமில்லாமல். எனக்கும் பிடிபடேல்லை." ஒரு பெருமூச்சு கேட்டது. "எத்தினை நாள் வேணும்?"

"கையாலதான் செய்யணும். ஒரு மாசம்."

"தொழிற்சாலைக்காரன் கத்துவான். முன்கூட்டிப் பதிஞ்சவையும் கத்துவினம். சரி, அது என்ர பாடு. ஆனா ஒண்டு, நிரோஷா. அவசரப்படாதீங்கோ."

அழைப்பு முடிந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. நல்லம்மா குசினிக்குப் போய், டொக்டர் அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லியிருந்ததையும் மீறி, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார்.

ஆறு நிமிடத்தில் மழை பெய்கிற காட்சிகளை மட்டும் எண்ணினால் ஆறாயிரம் பிரேமுக்கு மேல் வந்தது. ஒருத்தியால் ஒரு மாதத்தில் ஆகாது என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. ஃபாஸிலுக்குப் போன் எடுத்து, அல்பம் வேலை செய்த பழைய பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். மறுநாள் காலையில் படிக்குக் கீழே ஒரு த்ரீவீல் வந்து நின்றது. பெட்ஷீட்டில் சுற்றிய கணினியைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு ஃபாஸிலே ஏறி வந்தார். அறுபத்தொரு வயது. எழுபத்திரண்டாவது படியில் மூச்சு வாங்கியது.

"நானா, நீங்களா?"

"ஏன், எனக்குக் கண் இல்லையா? கல்யாணம் ஒன்டும் இந்த மாசம் இல்ல. நோன்பு மாசம் வருது. சும்மா ஈக்கிறதுக்கு இங்க ஈக்கிறன். எதை அழிக்கணும், எதை விடணும், அதை மட்டும் சொல்லுங்க."

நிரோஷா சொன்னாள். கறுப்பாக நிற்கிற நேர்க்கோடு எல்லாம் கீறல்; பயமில்லாமல் எடுக்கலாம். மழை வெள்ளையாகத்தான் இருக்கும், இடப்பக்கம் சாயும். வெள்ளையாகவும் நேராகவும் இருப்பதுதான் சிக்கல், அதைத் தன்னிடம் விட்டுவிட வேண்டும். ஃபாஸில் கறுப்பை எடுத்துக்கொண்டார். முதல் நாள் அவரும் குடைக்காரனின் கன்னத்தைக் கொஞ்சம் வழுவழுப்பாக்கிவிட்டார். "நானா, அவரு மாப்பிள்ளை இல்ல, பங்களாவுக்குக் காவல் நிக்கிற வாச்சர்" என்றாள் நிரோஷா. "அஸ்தஃபிருல்லாஹ்" என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதைப் பழையபடி மாற்றினார்.

காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கு வரை வேலை. பகல் தொழுகைக்கு ஃபாஸில் படி இறங்கிப் போய்வருவார். நல்லம்மா இரண்டு திரைக்கும் நடுவில் உட்கார்ந்து, வெளியே உண்மையாகவே மழை வந்த நாட்களில், ஒன்றையும் மற்றதையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாம் வாரம் நோன்பு தொடங்கியதும் ஃபாஸில் எதிரில் இருக்கும்போது பிளேன்டீ குடிக்க நிரோஷாவுக்கு மனம் வரவில்லை. அவள் குசினியில் நின்றே குடித்துவிட்டு வந்தாள்.

ஒரு காட்சி மட்டும் அவளைப் பாடாய்ப்படுத்தியது. பதினான்கு வினாடி. வாச்சர் பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் நின்று, குடையைச் சரித்து, அங்கே யாருமில்லை என்று பார்க்கிற காட்சி. அவனுடைய கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கீறல் முதலிலிருந்து முடிவுவரை ஓடியது. அதை எடுத்தால் முகத்தில் வழிகிற தண்ணீரும் கூடவே போனது. மூன்று விதமாகச் செய்து பார்த்தாள். மூன்றிலும் வாச்சரின் முகம் மெழுகுபோல ஆனது. நான்காம் நாள் ஜனகனுக்கு எழுதினாள்: இந்தக் கீறலை நான் விட்டுவிடுகிறேன். பார்க்கிறவர்கள் ஒரு கோட்டைப் பொறுத்துக்கொள்ளலாம், உயிரில்லாத முகத்தைப் பொறுக்கமாட்டார்கள். ஜனகனின் பதில் ஒரு சொல்லில் வந்தது. 'விடுங்கோ.'

சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே ரீல் போய்ச் சேர்ந்தது.

டிஸ்க் தபாலில் வர மேலும் மூன்று மாதம் ஆனது. வந்த பிறகுதான் அதைப் போட்டுப் பார்க்கத் தன்னிடம் ஒரு கருவி இல்லை என்பது நிரோஷாவுக்கு உறைத்தது. நான்கு வருடம் ப்ளூரேக்கு வேலை செய்தவள் வீட்டில் ப்ளூரே பிளேயர் கிடையாது. ஃபாஸில் திகனவில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கும் சாஹுல் ஹமீதிடம் ஒன்றை இரவல் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஸ்டூடியோவின் பெரிய டிவியில், நிரோஷா, அம்மா, ஃபாஸில், அவருடைய மனைவி நால்வரும் உட்கார்ந்தார்கள்.

உறையோடு வந்த சிறுபுத்தகத்தில் ஜனகன் நடந்ததை ஒளிக்காமல் எழுதியிருந்தார்: முதல் முறை மழை அழிந்துபோனது, அதைக் கவனித்தவர் நிரோஷாவின் தாயார் நல்லம்மா, பிரேம் பிரேமாகத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் நிரோஷாவும் ஃபாஸிலும். நிரோஷாவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. தன் பிழை அச்சில் ஏறிவிட்டதே என்று தோன்றியது. ஃபாஸில் அந்தப் பக்கத்தை மனைவிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

நான்காம் ரீல் தொடங்கியது. நிரோஷாவுக்கு அந்த வீதியில் தெரியாத கல் இல்லை. எந்த பிரேமில் எந்தத் துளி எங்கே விழும் என்றுகூடச் சொல்லிவிடுவாள். ஆனால் அந்த மழையின் சத்தத்தை அவள் இதுவரை கேட்டதில்லை. தகரத்தில் விழுகிற சத்தம், பிறகு குடைத்துணியில் விழுகிற சத்தம், வீதியோரக் கானில் தண்ணீர் ஓடுகிற சத்தம் என்று அது அறையை நிறைத்தது. அவள் மடியில் வைத்திருந்த கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். வாச்சர் நின்று பார்த்தான். கண்ணுக்குப் பக்கத்தில் அந்தக் கோடு ஓடியது. யாரும் கவனிக்கவில்லை.

கடைசியில் இன்ஸ்பெக்டர் கோட்டைப் பற்றிக் கேட்டார், நாற்காலி விழுந்தது, கொலைகாரன் பிடிபட்டான். படம் முடிந்து வெள்ளை எழுத்துகள் ஓடும்போது நல்லம்மா ஒத்துக்கொள்ளாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, புடிக்கலியா?"

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பாத்தது அந்த வாச்சர்தானே. மழையில நனைஞ்சி, பாத்ததைப் போய்ச் சொன்னவன் அவன்தானே. கடைசியில அவனுக்கு என்ன ஆச்சுன்னு காட்டவே இல்லையே."

"அவரு திரும்ப வேலைக்குப் போயிருப்பாரு" என்றார் ஃபாஸில்.

"எந்த வேலைக்கு? தொரைதான் செத்துட்டாரே. பங்களாவப் பூட்டிருப்பாங்க. இவனுக்குச் சம்பளம் யாரு குடுப்பா?"

ஃபாஸிலின் மனைவி, வாரிசு யாராவது வந்து பங்களாவை எடுத்திருப்பார்கள் என்றார். நல்லம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கண்டி பஸ்ஸுக்காக வெளியே நடந்தபோதும், பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும், அவர் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பல்லேகல தாண்டும்போது நிரோஷா, அடுத்த முறை ஜனகன் அண்ணனிடம் கேட்டுச் சொல்வதாக ஒத்துக்கொண்டாள்.